கரையும் வரை

சிறுமலை அடிவாரத்துக் கன்னியர் மடத்துத் தியான இல்லத்துக்கு உபதேசியார் இஞ்ஞாசிமுத்து மௌனம் பழக வந்திருந்தார். சாமியார் வராத நாளில் ஊர்க் கோயிலில் செபம் நடத்துவது அவர்தான். வாய் திறந்தால் மூடத் தெரியாது. அவர் மௌனம் பழகப் போகிறார் என்றதும் ஊரே வாய்விட்டுச் சிரித்தது. அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மகள் ஜெசிந்தா காய்ச்சலில் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு செபித்தும் மேலேயிருந்து ஒரு பதிலும் இல்லை. வீட்டிலும் அதே கதைதான். மனைவி சலேத் சோறு போடுவாள், துணி மடித்து வைப்பாள், பேச மாட்டாள். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது.

மடத்துத் தலைவி மதர் அமலி அவரைவிடப் பத்து வயது இளையவர். பூசைக்கான அப்பத்தை வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டிருந்த அவரிடம், உபதேசியார் வந்த அன்றே கேட்டுவிட்டார்.

“ஆண்டவர் ஏன் என்கிட்டப் பேச மாட்டேங்கிறார், மதர்?”

“வீட்டம்மா பேசுறாங்களா?”

உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். “ஆரம்பத்துல ஏதோ சொல்ல வருவா. ‘பிள்ளை கடைசியா’ன்னு தொடங்குவா. அழுதிருவாளேன்னு, செபிப்போம்னு நான் கையை விரிச்சிருவேன். அவளும் முழங்கால் போட்டிருவா. இப்ப அதுவும் இல்ல.”

மதர் ஞாயிற்றுக்கிழமை சலேத்தை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

சலேத் வந்து பார்வையாளர் அறையில் உட்கார்ந்தாள். உபதேசியார் உள்ளே போகுமுன் மதர் அவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார். அப்பம் வெட்டியதுபோக மிஞ்சிய ஓரத் துண்டுகள்.

“இது வெறும் ஓரம்தான், பூசைக்குப் போகாதது. ஆனாலும் நீங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே சாப்பிடுங்க.”

அவருக்கா தெரியாது? முதன்முதலாக அப்பம் வாங்கப் புதுநன்மைக்கு வரும் பிள்ளைகளை மிரட்டி மிரட்டிப் பழக்கியவர். பல் படக்கூடாது. கரையும் வரை வாய் திறக்கக்கூடாது. ஒரு துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு மனைவியின் எதிரே உட்கார்ந்தார்.

வெகுநேரம் சலேத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “பிள்ளை கடைசியா…” என்று தொடங்கினாள். குரல் உடைந்தது.

துண்டு கரைந்துவிட்டது. செபிப்போம் என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கைகள் விரியப் போயின. உபதேசியார் அந்தக் கையாலேயே இன்னொரு துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

சலேத் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இந்த மனிதர் சும்மா இருந்து அவள் பார்த்ததே இல்லை.

“ஆஸ்பத்திரியில நீங்க கண்ணை மூடிக்கிட்டுச் சத்தமாச் செபம் பண்ணிட்டிருந்தீங்க. பிள்ளை என்கிட்டச் சொன்னா, அப்பாவைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லும்மா, என் கையைப் பிடிக்கச் சொல்லும்மான்னு. செபத்துக்கு நடுவுல எப்படிக் கூப்பிடுறதுன்னு பேசாம இருந்துட்டேங்க. நீங்க கண்ணைத் திறக்கிறதுக்குள்ள போயிட்டா. ஒரு வருசமா இதைத்தான் சொல்ல வந்தேன்.”

அவர் வாயில் துண்டு இல்லை. ஆனாலும் பேச்சு வரவில்லை. கண்ணீர் தாடி வழியாகத் தட்டில் சொட்டியது. சலேத் சற்று நேரம் இருந்து பார்த்தாள். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று முணுமுணுத்தபடி எழுந்து போனாள்.

தட்டோடு உபதேசியார் மதரிடம் வந்தார்.

“பிள்ளை கேட்டதைக் கொடுக்காமப் போயிட்டேனே, மதர். இனி நான் என்னன்னு செபிப்பேன்?”

மதர் அவரிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கேட் ஓரத்தில், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி சலேத் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

“பஸ் இன்னும் வரல, உபதேசியாரே. போய் அவங்க கையைப் பிடிங்க.”