ஏகாம்பரம் தொட்டால் நிற்கும் இரைச்சல்

நெட்டிக்குடி இசைத்தட்டு ரசிகர் மன்றத்தில் மொத்தம் நாலு பேர். நாலு பேரும் யோசிக்காமல் ஒரு காரியம் செய்ய மாட்டார்கள். அவர்கள் யோசிக்க ஆரம்பித்தாலே ஊருக்குப் பயம்.

மன்றத்துக்குப் புதிதாக ஒரு ரெக்கார்ட் பிளேயர் வந்தது. கூடவே ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர். பிளேயரின் பின்னால் ஒரு பச்சை வயர் வால் மாதிரி தொங்கியது. பார்க்க நன்றாயில்லை என்று தலைவர் கோதண்டபாணி அதை அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுவிட்டார். ஸ்விட்சைத் தட்டினால், "ம்ம்ம்ம்" என்று ஒரே இரைச்சல்.

செயலாளர் ஏகாம்பரம் விரல் விட்டு நாளை எண்ணினான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவன் மாமனார் வைத்திலிங்கம் வருகிறார். அந்தக் காலத்து நாகசுர வித்வான். வாழ்நாளில் அவர் வாசித்து வெளிவந்தது ஒரே ஒரு தட்டு. வீட்டில் தட்டு இருந்தது, போட்டுக் கேட்க மிஷின் இல்லை. அவர் அதைக் கேட்டு முப்பது வருஷம் ஆகிறது. "நான் கேக்க வெக்கிறேன் மாமா" என்று ஏகாம்பரம் வாயை விட்டுவிட்டான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் அவனை ஒரு தடவைகூட 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டதில்லை. அந்தக் குறை அவனுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது.

மனைவி தையல்நாயகியும் சொல்லிவிட்டாள்: "அப்பா மனசு குளிர்ந்து வரணும். இல்லேன்னா நீங்க மன்றத்துலயே இலை போட்டுக்குங்க."

டவுனில் ரேடியோ ரிப்பேர் செய்யும் தாவூது பாய்க்குப் போன் போட்டார்கள்.

"ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் பாருங்க. எதைப் பிடுங்கினா இரைச்சல் நிக்குதோ, அதுலதான் கோளாறு" என்றார் பாய்.

ஃபேனைப் பிடுங்கினார்கள், நிற்கவில்லை. டியூப் லைட்டைப் பிடுங்கினார்கள், நிற்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையும் காலண்டரையும் கழற்றினார்கள். காலண்டர் மாட்டியிருந்த ஆணியைப் பொருளாளர் மரியசூசை குறடு வைத்துப் பிடுங்கினார். வாசலில் இருந்த துளசிச் செடியை நாலாவது ஆளான பிச்சாண்டி வேரோடு பிடுங்கினான். எதற்கும் நிற்கவில்லை. கடைசியில் தலைவர் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கினார். இரைச்சல் டக்கென்று நின்றது.

"ஆம்ப்ளிஃபயர்தான் ஆளு! இது இல்லாமலே போட்டுக்குவோம்" என்றார் தலைவர். நாலு பேரும் ஊசியின் மேல் காதை வைத்து ஒரு தட்டு முழுக்கக் கேட்டார்கள். கொசு பாடினாற்போல இருந்தது.

ஏகாம்பரம் மறுபடியும் போன் போட்டான். பாய் பெருமூச்சு விட்டார். "ஸ்பீக்கரைக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்க தம்பி."

"எவ்வளவு தூரம் பாய்?"

"இரைச்சல் கேக்காத தூரம்."

நீளமாக வயர் கோத்து, ஸ்பீக்கரை வாசலுக்குக் கொண்டுபோனார்கள். லேசாகக் கேட்டது. தெருமுனை வரைக்கும் கொண்டுபோய்ப் பம்ப்செட் ரூமில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். இப்போது மன்றத்தில் ஊசி விழுந்தால்கூடக் கேட்கும்.

"சுத்தமா நின்னு போச்சு" என்றான் பிச்சாண்டி.

"பாட்டு?" என்றான் ஏகாம்பரம்.

"அதுவும் சுத்தமா நின்னு போச்சு."

"ஒரு நேரத்துல ஒரு கோளாறைப் பாருய்யா" என்று தலைவர் கண்டித்தார்.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. ஸ்பீக்கரைத் திரும்ப உள்ளே தூக்கிவரத்தான் நேரம் இருந்தது. மாமனார் பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு, தட்டை மார்போடு அணைத்தபடி வந்து உட்கார்ந்தார். ஸ்விட்சைப் போட்டார்கள். "ம்ம்ம்ம்."

பெரியவர் முகம் சுருங்கியது. "யாரு பின்னால சுருதி ஊதற இந்த ஒத்துக்காரன்? சுருதியே சேரலையே! என் ஒத்துக்காரன் இப்படியா ஊதுவான்?" தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இருங்க மாமா!" என்று பாய்ந்த ஏகாம்பரம் தடுமாறி, பிளேயரின் இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இரைச்சல் நின்றது. பதறிப்போய்க் கையை எடுத்தான், "ம்ம்ம்ம்." மறுபடி வைத்தான், நின்றது.

சபை அவசரமாகக் கூடி ஆராய்ந்தது. ஷாக் அடிக்கும் என்று மரியசூசை கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு தொட்டார், இரைச்சல் நிற்கவில்லை. பிச்சாண்டி விளக்குமாற்றுக் குச்சியால் தொட்டான், நிற்கவில்லை. தலைவர் தம் தகுதிக்கு ஏற்றபடி ஓரடி தள்ளி நின்று விரலை மட்டும் நீட்டினார், அதற்கும் நிற்கவில்லை.

"சந்தேகமே இல்ல. ஏகாம்பரத்தோட ராசிதான்" என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

மாமனாரை மறுபடி உட்காரவைத்து, தட்டை வாங்கிச் சுழலவிட்டார்கள். நாகசுரம் மண்டபத்தில் நின்று வாசிப்பதுபோல எழுந்தது. ஏகாம்பரம் குனிந்தபடியே பிடித்திருந்தான். மூக்கில் ஈ உட்கார்ந்தது, இடுப்பு விட்டுப்போயிற்று, அவன் அசையவில்லை. மாமனார் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. முடிந்ததும் அவர் எழுந்துவந்து, தம் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார்.

"மாப்பிள்ளே, நாளைக்கும் கேக்கணும்" என்றார்.

ஏகாம்பரம் அழுதே விட்டான். அழும்போதும் கையை எடுக்கவில்லை.

மாமனார் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். தினமும் நாலு மணிக்கு மன்றத்துக்கு வந்தார். ஒரு வாரத்தில் ஏகாம்பரத்தின் இடுப்பு நிமிர மறுத்தது. பாய்க்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "பின்னாடி பச்சையா ஒரு எர்த் வயர் இருக்குமே, அதை மாட்டலையா? உங்க கை செய்யற வேலைய அந்த வயர் செய்யும் தம்பி. மாட்டுங்க, நீங்க பாட்டுக்கு உக்காந்து கேக்கலாம்."

ஏகாம்பரம் மன்றத்தில் அப்படியே ஒப்பித்தான். எதில் மாட்டுவது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் அதற்கென்றே ஒரு திருகு சும்மா இருந்தது.

"கை செய்யற வேலைய வயர் செய்யும்னா, கைக்குப் பதிலா வயர் நீளும்னு அர்த்தம். ஒரு முனை ஏற்கெனவே பிளேயர்ல இருக்கு. மறு முனை?" என்றார் தலைவர்.

மூன்று பேரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள்.

ரப்பர் பேண்டைக் கழற்றி, வயரை அவன் கால் கட்டைவிரலில் கட்டினார்கள். இரைச்சல் நின்றது. அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலை வெறுந்தரையில் நீட்டினான். அப்பாடா என்று இருந்தது.

"வயர் இன்னும் நீளமா இருந்தா வீட்டுலயே உக்காரலாமே" என்றாள் இதைக் கேள்விப்பட்ட தையல்நாயகி.

இப்போது நெட்டிக்குடியில் மன்றத்து ஜன்னலிலிருந்து ஒரு பச்சை வயர் புறப்பட்டு, நாலு வீட்டுக் கூரை தாண்டி, ஏகாம்பரம் வீட்டுக் கொல்லைக்குப் போகிறது. நாலு மணியானால் அவன் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு ஈரமண்ணில் காலை ஊன்றி உட்கார்ந்துவிடுவான். மாமனார் மன்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில் திடீரென்று "ம்ம்ம்ம்" என்று கேட்டால் அவர் கண்ணைக்கூடத் திறப்பதில்லை.

"தையலு மாப்பிள்ளையக் கடைக்கு அனுப்பிட்டா. வந்துடட்டும்" என்பார்.