கனவு தொடங்கிய இடம்

கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே எலக்ட்ரீஷியன் வேலை பார்த்த இருதயமேரி, குடியிருப்போர் பொழுதுபோக்காகத் தச்சுவேலை செய்யும் அறையில், பழைய பிரிண்டர் மோட்டார்களைக் கொண்டு ஒரு சிஎன்சி இயந்திரத்தைத் தானே கட்டினாள். கம்ப்யூட்டரில் வரைந்ததை அது பலகையில் செதுக்கியது. மழை பெய்யும் மதியங்களில் மரத்தூள் பனியாய் மிதக்க, எல்லோரும் சொக்கிப்போய் நின்றார்கள்.

குடியிருப்போர் சங்கத் தலைவர் வைகுந்தநாதன் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். அவருக்குப் பொறுக்கவில்லை.

"எதைச் சொன்னாலும் செதுக்குமாமே! நேத்து நான் கண்ட கனவைச் செதுக்கு பார்ப்போம். முடியலைன்னா இன்னிக்கே இதைக் கழட்டிடு."

இருதயமேரி ஒரு பலகையை இறுக்கிப் பூட்டினாள்.

"செதுக்கிடலாம் சார். ஆனா தொடங்குற இடத்தைக் காட்டினாத்தான் இது நகரும். உங்க கனவு எங்க தொடங்குச்சு?"

"ஒரு ஆத்துல, படகுல போயிட்டிருந்தேன்."

"அந்தப் படகுல எங்க ஏறினீங்க?"

அவர் நினைவுபடுத்திப் பார்க்கக் கண்ணை மூடினார். ஏறிய நினைவே இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

கண்ணைத் திறந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது.

"மிஷின் இங்கயே இருக்கட்டும்மா. அந்தப் படகை மட்டும் செதுக்கித் தருவியா?"