குழந்தை காதுக்கு மட்டும்

தேரடித் தெருவில் மாவு மில் வைத்திருக்கும் அண்ணன் தம்பி மூவரையும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியாமல் இருப்பதும் ஒரு புண்ணியம்தான். ஆனால் தங்கமான மனசுக்காரர்கள். கெட்ட வார்த்தை பேச மாட்டார்கள். சாயங்கால தீபாராதனையைத் தவறவிட மாட்டார்கள். அடுத்தவர் மாவில் ஒரு கைப்பிடி எடுக்க மாட்டார்கள். ஆண்டவன் அவர்களுக்கு எல்லாவற்றையும் குறைவில்லாமல் கொடுத்தான். மூளை கொடுக்கும் இடத்தில் மட்டும், "நீங்க முதல்ல வாங்கிக்கோங்க, நீங்க முதல்ல வாங்கிக்கோங்க" என்று மூவரும் வரிசையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்து நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள்.

மூத்தவர் அழகேசன். நடுவில் சொக்கநாதன். கடைசி பூவலிங்கம், பெரிய மீசை, சின்னக் குரல். மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "பொண்ணு வீட்டுல வந்து பாத்தாங்க. யோசிச்சுச் சொல்றோம்னாங்க. யோசிக்கிறாங்க" என்பார்கள். பல வருஷமாக யோசிக்கிறார்கள், பாவம்.

அழகேசனுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. புதிதாக எந்தக் கருவி வந்தாலும் வாங்கிவிட வேண்டும். வாங்கியதும் அதோடு வரும் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படிப்பார். அதில் போட்டிருப்பதற்கு ஒரு எழுத்து கூட மாறி நடக்க மாட்டார்.

ஒருமுறை தானாகவே வீடு பெருக்கும் வட்டமான இயந்திரம் ஒன்று வந்தது. 'இயங்கும்போது தரையில் எந்தத் தடையும் இருக்கக் கூடாது' என்று காகிதத்தில் இருந்தது. கட்டில், பீரோ, அரிசி மூட்டை எல்லாம் தெருவுக்கு வந்தன. அப்போது சொக்கநாதனுக்கு ஒரு சந்தேகம்.

"அண்ணே, நம்ம காலு தடையா, இல்லையா?"

"தரையில இருந்தா தடைதான்."

மூவரும் பரணில் ஏறி உட்கார்ந்தார்கள். ஏணியும் தரையில்தானே நிற்கிறது என்று அதையும் மேலே இழுத்துக்கொண்டார்கள். இயந்திரம் பாட்டுக்குப் பெருக்கியது. வெளியே மழை பாட்டுக்குப் பெய்தது. மெத்தை காய ஒரு வாரம் ஆனது. ஆனாலும் வீடு அன்றைக்கு இருந்த சுத்தம் போல் என்றைக்கும் இருந்ததில்லை என்று அழகேசன் இன்றும் சொல்வார்.

பிறகு ஒரு கைக்கடிகாரம். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தால் 'எழுந்து நடக்கவும்' என்று மணியடிக்கும். ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் ஊற்றிக்கொண்டு வரும் நேரம் பார்த்து அது மணியடித்தது. அழகேசன் எழுந்து நடந்தார். அண்ணன் எழுந்த பிறகு உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று தம்பிகளும் எழுந்து நடந்தார்கள். என்ன குறை வைத்தோமோ என்று பெண்ணின் அப்பா கண் கலங்கி வாசல் வரைக்கும் பின்னாலேயே ஓடினார்.

இவர்களுக்கு ஒரே தங்கை, தமயந்தி. வரிசையில் மூவரும் விட்டுவந்த பங்கையும் சேர்த்து அவள் வாங்கி வந்தவள். சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டாள். போன மாசி மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பேர் வைக்கும் நாளில் தாய்மாமன் குழந்தையின் வலது காதில் மூன்று முறை பேரைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பேர் வேறு யார் காதிலும் விழக் கூடாது. மாமன் வாயில் எது வருகிறதோ அதுதான் பேர், அப்புறம் மாற்றுவதற்கில்லை. மாமன்களில் ஒருவருக்கும் பாஸ்போர்ட் இல்லை. ஆகவே போனில் முகம் பார்த்துப் பேசுவது என்று முடிவாயிற்று.

தமயந்தி முதல் நாளே கூப்பிட்டு, அழாத குறையாகச் சொன்னாள்.

"பெரியண்ணே, நம்ம அம்மா பேருதான் வைக்கணும். எங்க நாத்தனா வேற ஒரு பேரைக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறாங்க. த்ரிஷ்விக்தாவாம். அதைச் சொல்லிப் பாத்ததுல எனக்குப் பல்லு வலியே வந்திருச்சு. நல்ல நேரம் முடியுறதுக்குள்ள மாமன் சொல்லலேன்னா, அத்தை சொல்லலாம்னு பேச்சு. சொதப்பிராதீங்கண்ணே."

"நாங்களா?" என்றார் அழகேசன், மனம் நொந்து.

அன்று மாலையே புது போன் வாங்கிவந்தார். பேசுவதற்கான ஆப்பை அதில் இறக்கியதும் ஒரு ரகசிய எண் குறுஞ்செய்தியாக வந்தது. 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று கூடவே ஒரு எச்சரிக்கை. அழகேசன் போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"என்ன நம்பருண்ணே?" என்றார் பூவலிங்கம்.

"கேக்காதே. உசுரே போனாலும் சொல்ல மாட்டேன்."

"அதைக் கட்டத்துல போடச் சொல்லுதே."

"யாரு சொல்றா?"

"போனு."

"அதுகிட்டயும்தான் சொல்லக் கூடாது. யாருகிட்டயும்னா யாருகிட்டயும்தான்."

சொக்கநாதன் தாடையைத் தடவினார். "அண்ணே, நமக்கே போனுதானே சொல்லிச்சு? சொன்னவங்ககிட்டயே திருப்பிச் சொன்னா, அது சொன்னதாகுமா?"

"தெரிஞ்சதை ஏன்டா அது கேக்கணும்? நம்மளைச் சோதிக்குது."

எண் மாறி மாறி வந்தது. அழகேசன் ஒவ்வொன்றையும் காப்பாற்றினார். கடைசியில் பொறுமையிழந்த போன் தானே அந்த எண்ணை எடுத்துக் கட்டத்தில் போட்டுக்கொண்டு திறந்தது. "பாத்தியா? நாம ஒண்ணும் சொல்லல" என்று அழகேசன் நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஒத்திகை பார்க்கலாம் என்று தமயந்தி கூப்பிட்டாள். "மூணு பேரும் திரைக்குள்ள தெரியணும்ணே" என்று சொல்லியிருந்தாள். சொக்கநாதன் போனை முழம் போட்டுப் பார்த்தார். அதன் அகலம் ஒரு சாண் கூட இல்லை. தலை ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு.

"மூணு தலை கொள்ளாது. ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்."

விட்டுக்கொடுப்பதில்தான் அவர்கள் சூரர்களாயிற்றே. அழகேசன் நெற்றியைக் கொடுத்தார். சொக்கநாதன் மூக்கைக் கொடுத்தார். பூவலிங்கம் மீசையும் தாடையும் கொடுத்தார். ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து ஒரு முகத்தை உண்டாக்கினார்கள்.

திரையில் தமயந்தி திடுக்கிட்டாள். "யாருங்க நீங்க?"

"நாங்கதாம்மா" என்றது மீசை. நெற்றி ஆமோதித்து ஆடியது.

தலையில் அடித்துக்கொண்டு, "ஒருத்தர் பேசினாப் போதும்ணே. காதுல மாட்டுற மைக் ஒண்ணு வாங்கிக்கோங்க. இங்கே பத்தரை மணிக்கு நல்ல நேரம். அங்கே எட்டு" என்றாள்.

அந்தக் கணக்கு மூவரையும் இரவுச் சாப்பாட்டின்போது ரொம்ப யோசிக்க வைத்தது.

"நாம எட்டு மணிக்குச் சொன்னா அவங்களுக்குப் பத்தரைக்குத்தான் போய்ச் சேருது. அதுவரைக்கும் பேரு எங்கேண்ணே இருக்கும்?" என்றார் சொக்கநாதன்.

"வழியில இருக்கும். கடல் தாண்டணும்ல."

"வழியில யாரு காதுலயாவது விழுந்துட்டா?"

"கடல்மேல யாருடா இருக்கா?"

"கப்பல்காரங்க" என்றார் பூவலிங்கம் மெல்லிய குரலில்.

அழகேசனுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையாரை வேண்டிக்கொண்டுதான் படுத்தார். பிள்ளையார் கைவிடவில்லை. மறுநாள் காலை, புதிதாக வாங்கிய காது மைக்கின் காகிதத்தைப் படித்தபோது அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"கேளுங்கடா! 'மைக் படத்தைத் தொட்டால் அதன் மேல் ஒரு கோடு விழும். கோடு விழுந்த பிறகு நீங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது.' இதுக்குன்னே செஞ்சு வச்சிருக்கான்யா!"

"யாருக்கும் கேக்காதுன்னா, பாப்பாவுக்கு?" என்றார் சொக்கநாதன்.

"பாப்பா யாரோவாடா? நம்ம பாப்பா!"

இதற்கு மேல் என்ன கேட்பது? சொக்கநாதன் வெட்கப்பட்டுப்போனார்.

எட்டு மணிக்கு ஏற்பாடு பக்காவாக இருந்தது. பேர் காதில் விழாமலிருக்க, சொக்கநாதன் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு கொல்லைச் சுவரைப் பார்த்து நின்றார். போனைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பூவலிங்கம் பிடித்தார். பேசுகிறவர் தலையாட்டினால் மைக் கழன்று விழும் என்று அதையும் அவர் காதிலேயே மாட்டியிருந்தார்கள்.

"அண்ணே, பக்கத்துல நின்னா எனக்குப் பேரு கேக்குமே."

"நீ கேக்காதே."

"சரிண்ணே."

திரையில் தமயந்தி வீட்டுக் கூடம் தெரிந்தது. மடியில் குழந்தை. பக்கத்தில் பட்டுப்புடவை சரசரக்க நாத்தனார் திலகவதி, உதட்டுக்குள் த்ரிஷ்விக்தாவைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். முறை தவறினால் விட மாட்டேன் என்கிற முகத்தோடு மாப்பிள்ளையின் பெரியப்பா கடிகாரமும் கையுமாக உட்கார்ந்திருந்தார். தமயந்தி போனைக் குழந்தையின் வலது காதோடு வைத்துவிட்டு, "சொல்லுங்கண்ணே" என்றாள்.

அழகேசன் சாமியைக் கும்பிட்டு, மைக் படத்தைத் தொட்டுக் கோடு போட்டார். மைக் பூவலிங்கத்தின் வலது காதில் அல்லவா இருக்கிறது? அந்தக் காதுக்குள் குனிந்து, பயபக்தியோடு சொன்னார்.

"செண்பகம். செண்பகம். செண்பகம்."

பூவலிங்கத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"தங்கச்சி என்னடா சொல்றா?"

"ஒண்ணும் கேக்கலைங்கிறாண்ணே."

"பேஷ்! அவ காதுக்கும் போகல. பாப்பா?"

"பாப்பா வாயே திறக்கல."

"ரகசியம் காக்குது பாரு. நம்ம ரத்தம்."

அங்கே தமயந்தி போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "அண்ணே, யாருக்குமே கேக்கல! சுத்தமாக் கேக்கல!"

"யாருக்குமே கேக்கலையாம், சுத்தமாவாம்" என்றார் பூவலிங்கம்.

"ரொம்பப் புகழ வேண்டாம்னு சொல்லு" என்று அழகேசன் கைகூப்பினார். திரையில் அவர் கும்பிடுவது மட்டும் தெரிந்தது. பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார். திலகவதி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குழந்தையிடம் நெருங்கினாள்.

தமயந்தி கெஞ்சினாள். "சின்னண்ணே, உன் காலைப் பிடிக்கிறேன். மைக் படத்து மேல ஒரு கோடு இருக்கும் பாரு, அதைத் தொடுண்ணே!"

தங்கை ஒன்று கேட்டுப் பூவலிங்கம் மறுத்ததில்லை. தொட்டார். கோடு மறைந்தது. தமயந்தி போனை மறுபடியும் குழந்தையின் வலது காதோடு வைத்தாள்.

"ஐயையோ! என்னடா பண்ணின? கோட்டைத் திரும்பப் போடு!" என்று அழகேசன் பதறினார்.

தங்கை எடுக்கச் சொல்கிறாள், அண்ணன் போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? பூவலிங்கத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கல்லாகச் சமைந்துவிட்டார். காதில் மைக் அடைத்திருப்பதால்தான் இவனுக்குக் கேட்கவில்லை என்று நினைத்த அழகேசன், அந்தக் காதருகிலேயே வாயை வைத்து, தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

"பூவலிங்கம்! பூவலிங்கம்! பூவலிங்கம்!"

சிங்கப்பூரில் குழந்தை வீரிட்டு அழுதது. திலகவதி திறந்த வாயோடு நின்றாள். பெரியப்பா கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஆச்சு. தாய்மாமன் குரல், வலது காது, மூணு தடவை. நல்ல நேரமும் இருக்கு. சர்க்கரை குடுங்கம்மா."

தமயந்தி கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கி, "பூவு" என்று கூப்பிட்டாள். அழுகை நின்றது. பல் வலிக்காத பேர்தான், கூப்பிடவும் சுகமாக இருந்தது.

இங்கே தேரடித் தெருவில்தான் சிக்கல். சொக்கநாதன் பஞ்சை எடுத்துவிட்டு வந்து நடந்ததையெல்லாம் கேட்டார். மூவரும் சாப்பிடாமல் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பூவலிங்கம்ங்கிற பேரு பாப்பாவுக்குப் போயாச்சு. அப்போ இவனுக்குப் பேரு?" என்றார் சொக்கநாதன்.

"அதுக்கு முன்னாடியே வச்சாச்சேடா" என்றார் அழகேசன், முகம் வெளுத்து. "வலது காதுல, மூணு தடவை, நல்ல நேரத்துல, என் வாயாலயே சொன்னேன்."

"எதை?"

சடங்குக்குச் சொன்னது சடங்கோடு சரி. மற்றபடி பெற்ற தாயின் பேரை அவர்கள் வாயெடுத்துச் சொல்வதில்லை. அழகேசன் மெல்ல எழுந்து வேட்டியைத் தழைத்து விட்டுக்கொண்டார். சொக்கநாதனும் எழுந்தார். இரண்டு பேரும் மீசைக்காரத் தம்பியின் முன்னால் கைகட்டி நின்றார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவரை 'டேய்' என்று கூப்பிடுவதில்லை. அவர் சாப்பிடாமல் மற்றவர்கள் சாப்பிடுவதில்லை. மில்லில் மூட்டை தூக்க விடுவதில்லை. பூவலிங்கம் என்று தேடிப் போனால் அந்த வீட்டில் அப்படி யாரும் இல்லை என்பார்கள். தபால்காரர் இப்போது வாசலில் நின்று, "செண்பகம்மா!" என்று குரல் கொடுக்கிறார். மீசையை முறுக்கிக்கொண்டு ஆள் வந்து கையெழுத்துப் போடுகிறார்.

போன வாரம் மாவு அரைக்கப் போனபோது நானே பார்த்தேன். தானாகவே தோசை சுடும் இயந்திரம் ஒன்றின் விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அழகேசன் தம்பியின் முன்னால் தயங்கித் தயங்கி நின்றார்.

"அம்மா, இது ஒண்ணே ஒண்ணு வாங்கிக்கிறேம்மா."

மெல்லிய குரலில் பதில் வந்தது.

"முதல்ல தலைக்கு எண்ணெய் வச்சிக் குளிச்சிட்டு வாப்பா. அப்புறம் பாக்கலாம்."

அழகேசன் மறுபேச்சுப் பேசாமல் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.