காலியா கிடந்த கட்டம்

"திரையில எல்லாம் பச்சையா ஓடுது. இன்னும் எதுக்கு மேடம் வார்டுக்குத் திறக்காம பூட்டி வச்சிருக்கீங்க?"

அருளப்பன் வார்த்தையிலதான் மரியாதை இருந்துச்சு. குரல்ல இல்ல.

ஜமீலா அவனை விட வயசுல சின்னவ. ஆனா அந்த ஆஸ்பத்திரியோட கம்ப்யூட்டர் ரூம்ல அவதான் குரு. வேலை கத்துக்க வந்தவன் இவன். அந்த எரிச்சல் வேற.

டாக்டர் எழுதுற மருந்து, மருந்தகம் போய், நர்ஸ் கைக்கு வந்து சேரணும். அந்த ஓட்டத்தைப் பாத்துக்கற சாஃப்ட்வேரை அன்னிக்குக் காலையிலதான் மாத்தினாங்க. புதுசு, பழைய டேட்டாபேஸைத் தொட்டுச்சு. அப்படியே மல்லாந்துச்சு.

வார்டு பூரா துண்டுச்சீட்டு. மருந்து வரலன்னு கூச்சல். போன் ஓயல.

அருளப்பனுக்கு வேலை போயிடும்கற பயம். பயம் வந்தா அவனுக்குக் கோவமாத்தான் வெளிய வரும்.

"விழுந்து கிடந்ததை எப்படிண்ணே எழுப்புனீங்க?"ன்னு கேட்டா ஜமீலா.

"எந்த மருந்து ஒத்துக்காதுன்னு ஒரு கட்டம் இருக்குல்ல? பழசுல பாதிப் பேருக்கு அது காலி. காலியா விட்டா புதுசு ஏத்துக்கவே மாட்டேங்குது."

"அதுக்கு?"

"எல்லாத்துலயும் 'எதுவும் இல்லை'ன்னு போட்டேன். ஓடுது. பாராட்ட வாய் வராதே உங்களுக்கு!"

ஜமீலா பாராட்டல. பழைய டேட்டாபேஸோட நகல் ஒண்ணை எடுத்தா. அதுல அவன் பேரை நோயாளியா சேத்தா. அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா. அவன் செஞ்ச அதே வேலையை அது மேலயும் ஓட்டுனா.

அப்புறம் அவன் பேருக்கு ஒரு மருந்து எழுதி அனுப்புனா.

டாக்டர், பச்சை. மருந்தகம், பச்சை. நர்ஸ், பச்சை.

"பாத்தீங்களா?"ன்னான் அருளப்பன்.

கதவு திறந்துச்சு. பிலோமினா சிஸ்டர் தட்டோட உள்ள வந்தாங்க. தட்டுல ஊசி.

"அருளப்பன் யாரு? கையை நீட்டுங்க."

"என்ன ஊசி சிஸ்டர்?"

"பென்சிலின்."

நாற்காலி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

"கொலைகாரிங்களா! எனக்கு அது ஆகவே ஆகாது! ஒரு தடவை போட்டு மூச்சு நின்னு போயி பொழச்சவன் நான்!"

சிஸ்டர் திரையை எட்டிப் பாத்தாங்க. "எதுவும் இல்லைன்னுல்ல போட்டிருக்கு?"

"என்னைய யாரு கேட்டா?"



சுவத்தோட ஒட்டிக்கிட்டு நின்னான்.

"உக்காருங்க தம்பி. ஊசியில வெறும் தண்ணி"ன்னாங்க சிஸ்டர். "பென்சிலின் ஆகாதுன்னு நீங்க வேலைக்குச் சேர்றப்ப எழுதிக் கொடுத்ததை மேடம் முன்னாடியே சொல்லிட்டாங்க."

உக்காந்தான். ஆனா வாய் அடங்குமா?

"இது என்ன மேடம் கூத்து? இப்ப என்ன ஆயிடுச்சு? ஊசியைப் பாத்ததும் நான் கத்துனேன்ல? கையை இழுத்துக்கிட்டேன்ல? எவனுக்கு ஆகாதோ அவன் சொல்லப் போறான். அவ்வளவுதானே!"

போன் அடிச்சுது.

ஜமீலா நம்பரைப் பாத்தா. எடுக்கல. அப்படியே அவன் பக்கம் தள்ளி வச்சா.

"ஐசியூல இருந்து பேசுறாங்க. திறக்கலாமான்னு கேப்பாங்க. அங்க மயக்கத்துல கிடக்கறவங்க எப்படிக் கையை இழுப்பாங்கன்னு கேட்டுட்டு, திறங்கண்ணே."