கொடிக்காலில் நீந்தியது

அருமைநாயகம் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். ஐம்பத்திரண்டு வயதில் பகுதிநேர ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அவருடைய வழிகாட்டி டாக்டர் ஷமீமாவுக்கு வயது முப்பத்தெட்டு. அவர் இவரை சார் என்பார். இவர் அவரை மேடம் என்பார்.

ஒருநாள் ஆய்வகத்தில் அருமைநாயகம் கேட்டார்.

"மேடம், உயிர்களை முதலில் இரண்டு உலகமாகப் பிரித்தார்கள். பிறகு ஐந்து என்றார்கள். இப்போது ஆறு, ஏழு என்கிறார்கள். பாக்டீரியா, புரோட்டிஸ்ட், பூஞ்சை எல்லாமே நாம் போட்ட வேலிதானே? வேலியை எங்கே போட்டால் என்ன?"

ஷமீமா வேறொரு கேள்வி கேட்டார்.

"உங்கள் அக்காவின் கொடிக்கால் எப்படி இருக்கிறது?"

அருமைநாயகத்தின் முகம் வாடியது. அக்கா செல்லத்தாயிக்கு அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால்தான் பிழைப்பு. கொடிகள் அடியில் அழுகிச் சாய்ந்துகொண்டிருந்தன. வேரில் வெள்ளை இழைகளைப் பார்த்து, பூஞ்சை என்று சொல்லி மருந்து வாங்கிக் கொடுத்தவரே அருமைநாயகம்தான். மூன்று முறை ஊற்றியாயிற்று.

"பாதி போய்விட்டது மேடம். 'நீ படிச்சு என்னடா பிரயோசனம்'னு அக்கா கேட்டுவிட்டாள்."

"அழுகிய தண்டு ஒன்று கொண்டு வாருங்கள்."

அவர் கொண்டுவந்தார். இழைகளை ஷமீமா தட்டில் வளர்த்தார். வளர்ந்ததில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டு, குளிர்பெட்டியில் சிறிது நேரம் வைத்து வெளியே எடுத்தார். நுண்ணோக்கியின் அடியில் தட்டை வைத்துவிட்டு நாற்காலியை இவர் பக்கம் தள்ளினார்.

"பாருங்கள் சார்."

"எதை மேடம்?"

"தெரியவில்லை. பாருங்கள்."

இழை நுனிகளில் எலுமிச்சை வடிவில் சிறு பைகள். அவை அசையவில்லை. கால் மணி நேரம் போயிற்று. அருமைநாயகத்துக்குக் கழுத்து வலித்தது. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது ஒரு பை வெடித்தது. அதற்குள்ளிருந்து பத்து இருபது துளிகள் கொட்டின. கொட்டிய துளிகள் ஓடின.

"மேடம்! நீந்துகிறது!"

"எத்தனை வால்?"

அருமைநாயகம் அயோடின் ஒரு சொட்டு விட்டார். நீந்தியவை நின்றன. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

"இரண்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று."

"இப்படி நீந்தும் பூஞ்சை உண்டா?"

"இல்லை மேடம். நீந்தும் பூஞ்சைகளுக்குப் பின்னால் மட்டும்தான் வால்."

அடுத்து செல்சுவரைச் சோதித்தார். அதில் செல்லுலோஸ் இருந்தது. பூஞ்சையின் சுவருக்கு உரிய கைட்டின் இல்லை. அருமைநாயகம் மெதுவாக எழுந்தார். அவருக்கே எல்லாம் பிடிபட்டது.

"இது பூஞ்சையே இல்லை. பழுப்புப் பாசிக்குச் சொந்தம். பூஞ்சை மருந்து தாக்குகிற பொருள் இதன் உடம்பிலேயே இல்லை. மூன்று தடவையும் வேறு யாருக்கோ மருந்து ஊற்றியிருக்கிறோம்! அதுவும் தண்ணீரில் கலந்து. இது நீந்திப் போக வழி செய்து கொடுத்திருக்கிறோம்."

ஷமீமா எழுந்தார். அருமைநாயகத்தின் கைப்பையை எடுத்து, ஊருக்குக் கிளம்புங்கள் என்பதுபோல் நீட்டினார்.

மறுநாளே அருமைநாயகம் ஊரில் இருந்தார். கொடிக்காலில் தேங்கிய தண்ணீரை அக்காவும் தம்பியுமாக வடிகால் வெட்டி வெளியேற்றினார்கள். செத்த கொடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். இந்த உயிருக்கென்றே உள்ள மருந்தை வேரில் ஊற்றினார்கள். அடுத்த வாரம் ஒரு கொடி சாய்ந்தது. அதற்கடுத்த வாரம் ஒன்றும் சாயவில்லை.

ஐந்தாவது வாரம், ஆய்வகத்தில் இருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது.

"டேய் தம்பி! மீதி அத்தனையும் கொழுந்து விட்டிருக்குடா! பக்கத்துக் கொடிக்கால்காரங்க எல்லாம் உன் நம்பரைக் கேக்குறாங்க. குடுக்கவா?"

"குடு அக்கா, குடு!"

ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"மேடம், இருபத்தேழு வருஷம் இதைப் பூஞ்சை என்றுதான் வகுப்பில் சொன்னேன். அத்தனை பிள்ளைகளுக்கும் தப்பாகச் சொல்லிவிட்டேன்."

"உங்களுக்கு யார் அப்படிச் சொன்னது?"

"எங்கள் கல்லூரிப் பேராசிரியர் தேவசகாயம் ஐயா. காலமாகிவிட்டார்."

"அவர் இருந்து, இந்தத் தட்டைக் காட்டியிருந்தால் என்ன செய்திருப்பார்?"

அருமைநாயகம் யோசித்தார்.

"நுண்ணோக்கி முன்னாலிருந்து என்னை எழுப்பிவிட்டு அவர் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார்."

"அப்படியானால் அவர் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார் சார்."