விழா நாற்காலி

எங்கள் ஊர் அறக்கட்டளைத் தலைவர் தெய்வநாயகம், நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி சக்கர நாற்காலி கொடுக்கும் விழா வருஷாவருஷம் நடத்துவார். கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு நாற்காலி பளபளவென்று நிற்கும். ஒவ்வொருவரையும் அவரே தூக்கி அதில் உட்கார வைப்பார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்ததும், "வண்டி வீட்டுக்கு வரும்" என்று சொல்லி இறக்கிவிடுவார். போன வருஷம் படத்தில் சிரித்தவர்கள் இன்னும் தரையில்தான் தவழ்கிறார்கள்.

இந்த வருஷம் முதலில் உட்கார்ந்தவள் பீடி சுற்றும் மரியபுஷ்பம். படம் எடுத்தாயிற்று.

"எறங்கு தாயி, அடுத்த ஆளு காத்துக் கெடக்காங்க."

"நான் எப்படி எறங்க, அண்ணாச்சி? தூக்கி வச்ச நீங்களே எறக்கி விடுங்க."

தலைவர் குனிந்தார்.

"கொஞ்சம் பொறுங்க," என்று அவள் பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அண்ணாச்சி குடுத்ததைப் படம் எடுத்தீங்கள்லா? திருப்பி வாங்குறதையும் ஒண்ணு எடுத்துருங்க."

கேமராக்கள் உயர்ந்தன. தலைவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"யாரு திருப்பி வாங்குனது? வண்டி உனக்குத்தான். ஓட்டிட்டுப் போ!"

மண்டபம் கைதட்டியது. மரியபுஷ்பம் வாசலுக்கு ஓட்டி வந்தாள். அங்கே சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் கைதட்டவில்லை. அடுத்த ஆளான இசக்கிமுத்து அவளை அண்ணாந்து பார்த்தார்.

"கெட்டிக்காரிதான் நீ," என்றார். "இருந்ததே அது ஒண்ணுதான் புள்ள."

விழா முடிந்தது என்று மைக்கில் சொன்னார்கள். அவர் கைகளை ஊன்றித் தெருவில் தவழ்ந்து போனார். மரியபுஷ்பம் அவருக்குப் பின்னால் மெதுவாக ஓட்டினாள். கடைசிவரை முந்திப் போகவில்லை.