காவித் துண்டு மூடிய பை

குன்றடி மடத்தில் இருப்பது இரண்டே பேர். படுத்த படுக்கையாகிவிட்ட சாமி. அவரைப் பார்த்துக்கொள்ளும் சீடர் மாசிலாமணி. இருவரில் மாசிலாமணிக்குத்தான் வயது அதிகம். ஆனாலும் குரு குருதானே.

படியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு நொறுங்கியதிலிருந்து, சாமிக்கு டியூப் வழியாகத்தான் சிறுநீர் பிரிகிறது. அது சேரும் பை கட்டில் சட்டத்தில் தொங்கும்.

பௌர்ணமி வந்தால் மாசிலாமணி அந்தப் பையைத் தூக்கி, மெத்தைமேல் சாமியின் வயிற்றோரம் வைத்துக் காவித் துண்டால் மூடிவிடுவார். தரிசனத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் அது படலாமா? பௌர்ணமி கழிந்தால் சாமிக்குக் குளிர்காய்ச்சல் வரும். நேரம் சரியில்லை என்று மாசிலாமணி சனீஸ்வரனுக்கு எள்விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார், பாவம்.

போன மாதக் காய்ச்சல் ஆளையே கொண்டுபோகப் பார்த்தது. ஊசி போட வந்த நர்ஸம்மா துண்டை விலக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“பையை மேலே வெச்சா வெளியே வந்தது திரும்ப உள்ளே ஏறும். கிருமியும் கூடவே ஏறும். எப்பவும் இடுப்புக்குக் கீழே தொங்கணும், தரையிலயும் படக்கூடாது. இன்னொரு காய்ச்சலை இவர் தாங்க மாட்டார்.”

அடுத்த பௌர்ணமி வந்தது. மாசிலாமணி துண்டோடு வந்து பையில் கைவைத்தார்.

“நர்ஸம்மா சொன்னது மறந்துபோச்சா?” என்றார் சாமி.

“மறக்கலை சாமி. கொஞ்ச நேரம்தானே. குருவுக்கு ஒரு குறைன்னா சீடன் அதை மறைக்கக் கூடாதா?”

“வாசல் கதவைத் திறங்க.”

திறந்தார். படியெல்லாம் புளியஞ்சருகு. மிதித்த தடம் ஒன்றுகூட இல்லை.

“யார் வர்றாங்க?”

“யாரும் இல்லை.”

“போன பௌர்ணமிக்கு?”

“யாரும் வரலை சாமி.”

“அதுக்கு முந்தி?”

சாமி விழுந்த புதிதில் வந்த கூட்டம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போயிருந்தது.

“பின்னே யாருக்காக மூடறீங்க?”

மாசிலாமணி துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார்.

“எனக்காகத்தான். மூடி வெச்சா, இன்னைக்கு யாராவது வருவாங்கன்னு தோணும். இங்க தனியா இருக்கறது தாங்கலை சாமி.”

சாமி வாசல் சருகிலிருந்து பார்வையை அவர் பக்கம் திருப்பினார்.

“அது கீழேயே தொங்கட்டும், மாசிலாமணி. இன்னும் கொஞ்ச நாள் உங்களுக்குத் துணையா நானாவது இருக்கேன்.”